129 வெள்ளி ஓவன், 14 மாதக் கணக்கு

129 சிங்கப்பூர் வெள்ளிக்கு வாங்கிய இந்த ஓவன் வீட்டுக்கு வந்து பதினான்கு மாதம் ஆகிறது. உத்தரவாதம் முடிந்து இரண்டு மாதம். வாங்கிய வாரமே எழுதும் விமர்சனங்களை நான் நம்புவதில்லை. புது மாப்பிள்ளையைப் பற்றி மாமியார் சொல்வதைப் போலத்தான் அவை. அதனால் காத்திருந்தேன்.

மேசைமேல் வைக்கும் மின் ஓவன், 35 லிட்டர், 1,600 வாட். மேலே இரண்டு கம்பி, கீழே இரண்டு கம்பி, பின்னால் ஒரு காற்றாடி, முன்னால் மூன்று குமிழ். திரை, செயலி என்று எதுவும் இல்லை. நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை, அந்த மாடல் இப்போது கடையிலும் இல்லை. ஆனால் இந்த விலைக்கு எந்த ஓவனை வாங்கினாலும் ஏறக்குறைய இதே சங்கதிகளைச் சந்திக்கத் தயாராக இருங்கள்.

எங்களுக்கு உட்லண்ட்ஸில் நான்கறை வீடு. நான் கட்டடப் பராமரிப்பில் தொழில்நுட்பர், மனைவி தாதி. இருவருக்கும் முறை வேலை. வீட்டில் அம்மா, உயர்நிலை இரண்டில் மகள், தொடக்கநிலை நான்கில் மகன். வாரத்தில் நான்கு நாள் சமையல் என் பொறுப்பு. 2025 ஜனவரியில், அரசாங்கம் வீடுகளுக்குக் கொடுத்த 300 வெள்ளி சிடிசி பற்றுச்சீட்டு வந்தது. பாதி பேரங்காடிக்கு, பாதி உணவங்காடிக்கும் அக்கம்பக்கக் கடைகளுக்கும். அந்த இரண்டாவது பாதியில் புளோக்குக்குக் கீழே உள்ள மின்சாதனக் கடையில் 129 வெள்ளி கொடுத்து இதைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

மனைவி கதவைத் திறந்து பெட்டியைப் பார்த்தார். "சாப்பாட்டுக்குக் குடுத்த காசுல அடுப்பு வாங்கிட்டு வந்திருக்கீங்களா?"

"அடுப்பும் சாப்பாட்டுக்குத்தானே."

"பார்ப்போம்" என்றார். அந்தப் "பார்ப்போம்" இருக்கிறதே, அதற்குப் பயந்துதான் கணக்கு எழுத ஆரம்பித்தேன். 555 நோட்டு ஒன்று வாங்கினேன். என் தலைமுறைக்குத் தெரியும், மளிகைக்கடையில் கடன் எழுத வைத்திருந்த அந்தச் சட்டைப்பை நோட்டு. ஒவ்வொரு முறை ஓவனை ஏற்றும்போதும் என்ன செய்தேன், பொருளுக்கு எவ்வளவு ஆனது, அதையே வெளியே வாங்கினால் எவ்வளவு என்று மூன்று பத்தி. மின்சாரத்துக்கு, வேலையிடத்தில் பயன்படுத்தும் மின்னளவி ஒன்றை ஓவனுக்கும் சுவர்ச் செருகிக்கும் நடுவே மாட்டினேன். மனைவி அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

முதல் விஷயம், குமிழில் எழுதியிருக்கும் வெப்பத்தை நம்பாதீர்கள். என் குமிழ் 180 டிகிரி என்று காட்டும்போது உள்ளே உண்மையில் 205. பேக்கிங் பொருள் கடையில் எட்டு வெள்ளிக்கு ஓவனுக்குள் தொங்கவிடும் வெப்பமானி கிடைக்கும். ஓவனோடு சேர்த்து அதையும் வாங்கிவிடுங்கள், இல்லையென்றால் முதல் மூன்று கேக்கும் மேலே கருகி நடுவில் கூழாகத்தான் வரும். எனக்கு வந்தது. உள்ளே இருப்பது இரட்டை உலோகத் தகடு. சூடானால் வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும், ஆறினால் நிமிர்ந்து மறுபடி இணைக்கும். அதனால் வெப்பம் ஒரே இடத்தில் நிற்காது, பத்துப் பதினைந்து டிகிரி மேலும் கீழும் ஊஞ்சலாடும். நான் இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்து, உண்மையான 160, 180, 200 எங்கே விழுகிறது என்று கண்டுபிடித்தேன். மகளின் சிவப்பு நகப்பூச்சால் குமிழைச் சுற்றி மூன்று புள்ளி வைத்தோம். அச்சடித்த எண்களை இப்போது வீட்டில் யாரும் பார்ப்பதில்லை.

அப்புறம் ரொட்டி. ஓவன் வாங்கும் எல்லோரும் முதலில் காண்கிற கனவு அதுதான். இனிமேல் கடை ரொட்டியே வேண்டாம், காலையில் வீடெல்லாம் மணக்கும் என்று. என் முதல் ரொட்டி செங்கல். காரணம் நான்தான்: பேரங்காடியில் "டாப் ஃபிளவர்" என்று போட்டிருந்ததைப் பார்த்து, உயர்ந்த ரகம் போலிருக்கிறது என்று எடுத்து வந்துவிட்டேன். அது புரதம் குறைந்த மெல்லிய மாவு, கேக்குக்கு உரியது. ரொட்டிக்குப் புரதம் அதிகமுள்ள ரொட்டி மாவு வேண்டும். பிசையும்போது இழுபடுகிற அந்தப் பசைதான் காற்றைப் பிடித்து வைக்கும். இரண்டாவது முறை சரியான மாவு வாங்கிச் செய்தேன், நன்றாகவே வந்தது. நோட்டில் கணக்கு இப்படி: 400 கிராம் மாவு 96 காசு, வெண்ணெய் 65, பால் 30, ஈஸ்ட்டும் சீனியும் உப்பும் 24, மின்சாரம் 28. மொத்தம் 2 வெள்ளி 43 காசு. பேரங்காடியின் சொந்த முத்திரை ரொட்டி அதைவிடக் குறைவு, அதை எனக்காக வேறு யாரோ பிசைந்து, சுட்டு, வெட்டியும் வைத்திருக்கிறார்கள். என் இரண்டரை மணி நேரத்தை நோட்டில் எழுதவே இல்லை.

இதை மனைவியிடம் காட்ட எனக்கு ஒரு வாரம் ஆனது. காட்டியதும் அவர் சிரிக்கவில்லை, நல்ல யோசனை ஒன்று சொன்னார். "வெறும் ரொட்டி ஏன் சுடுறீங்க? பிள்ளைங்க ஸ்கூல் விட்டு வரும்போது கீழ பேக்கரியில பன் வாங்குதுங்களே, அதைச் செய்யுங்க."

கணக்கு அங்கேதான் புரண்டது. மாவு 500 கிராம் 1.20, ஈஸ்ட், சீனி, உப்பு 40 காசு, மார்ஜரின் 40, ஒரு முட்டை 30, தக்காளிக் குழம்பிலிட்ட பெரிய மத்தி டின் 3.50, வெங்காயம், பச்சை மிளகாய், ஒரு உருளைக்கிழங்கு எல்லாம் சேர்த்து 80, மின்சாரம் 25. மொத்தம் 6 வெள்ளி 85 காசு. ஒரு தட்டில் மூன்றுக்கு நான்காகப் பன்னிரண்டு பன். ஒன்றுக்கு 57 காசு. கீழே அதே அளவு சார்டின் பன் 1.80. மகன் தினமும் ஒன்று, மகள் ஒன்று, சில நாள் நானும் ஒன்று. மாவும் தண்ணீரும் எங்கும் மலிவு. நாம் காசு கொடுப்பது உள்ளே வைக்கும் பூரணத்துக்கும் அதை வைக்கும் கைக்கும். அந்தக் கை நம்முடையதாக இருந்தால்தான் மிச்சம். முந்தின நாள் உருளைக்கிழங்கு மசாலா, மிஞ்சிய கோழிப் பிரட்டல், கடலைப்பருப்புப் பூரணம் என்று வீட்டில் எது இருந்தாலும் உள்ளே போய்விடும். குளிர்பெட்டியில் மூன்று நாள் கிடந்து கடைசியில் குப்பைக்குப் போகும் கிண்ணங்கள் எங்கள் வீட்டில் இப்போது கிடையாது என்றே சொல்லலாம்.

இந்த ஊர் சூட்டில் மாவு உப்ப முக்கால் மணி நேரம் போதும். குளிர்நாட்டுக் குறிப்புகளில் ஒன்றரை மணி, இரண்டு மணி என்று போட்டிருப்பார்கள், அதைப் பின்பற்றினால் மாவு புளித்து வழிந்துவிடும். கடிகாரத்தை விட்டுவிட்டு, விரலால் அழுத்திப் பாருங்கள். குழி மெதுவாகத் திரும்பி வந்தால் சரி. வாங்கி வந்த மாவை இரண்டு நாள் உறைபெட்டியில் வைத்து எடுத்தால் வண்டு வராது. இது அம்மா சொன்னது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். உண்மையில் இந்த ஓவன் தன் விலையை எடுத்தது அந்த ஒரு நாளில்தான்.

மின்னளவி சொன்ன செய்தி இது: 180 டிகிரிக்குச் சூடாக மட்டும் பன்னிரண்டு நிமிடமும் மூன்றில் ஒரு பங்கு யூனிட்டும் ஆகிறது. ஒரே ஒரு கேக்குக்காக ஏற்றி இறக்கினால் அந்தச் சூடு வீண். ஏற்றியதை விடாமல் தொடர்ந்து மூன்று நான்கு சமையல் செய்தால் இரண்டரை மணி நேரத்துக்கு இரண்டு யூனிட்கூட ஆவதில்லை. யூனிட் ஏறத்தாழ 30 காசு என்றால், அறுபது காசுக்குள் வாரத்தின் பாதிச் சாப்பாடு.

ஆரம்பத்தில் கோழியை முதலில் வைத்தேன், பிறகு கேக். கேக்கில் மிளகாய்த்தூள் வாசனை. மகன் தொடவில்லை, அம்மா மட்டும் "பரவாயில்ல தம்பி, வித்தியாசமா இருக்கு" என்று எனக்காக ஒரு துண்டு சாப்பிட்டார். இப்போது வரிசை தலைகீழ். 160-ல் வாழைப்பழக் கேக், 180-ல் பன், 200-ல் கோழி. வெப்பம் ஏறிக்கொண்டே போவதால் கதவைத் திறந்து ஆறவிட்டுக் காத்திருக்கும் வேலையும் இல்லை.

கோழி என்றால் உறைந்த முழுக்கால், பிரேசிலிலிருந்து வருவது, இரண்டு கிலோ பை, ஒன்பது வெள்ளி சொச்சம். சனி இரவே தயிர், மிளகாய்த்தூள், மல்லித்தூள், இஞ்சி பூண்டு, எலுமிச்சை போட்டு ஊறவைப்பேன். மேல்தட்டுக் கம்பியில் கோழி, கீழ்த்தட்டில் உருளையும் பரங்கியும் கேரட்டும். மேலிருந்து சொட்டும் கொழுப்பிலேயே கீழே உள்ளது வேகும், தனி எண்ணெய் வேண்டாம். முக்கால் மணி நேரம். அன்றிரவு சோறு, ரசத்தோடு ஐந்து துண்டு போகும். மீதியைப் பிய்த்து வைத்துவிடுவேன். எலும்பையெல்லாம் மிளகு, பூண்டு தட்டிப் போட்டுத் திங்கட்கிழமை சூப். பிய்த்த கோழி செவ்வாய்க்கிழமை முட்டைக்கோஸ், தாவ்குவா என்ற கெட்டி டோஃபுவோடு சேர்ந்து அரிசிச் சேமியா பீஹூனாகும். கோழி வெளியே வந்ததும் ஓவனை அணைத்துவிட்டு, அந்த மிச்சச் சூட்டில் காய்ந்துபோன ரொட்டித் துண்டுகளைப் பரப்பி வைப்பேன். காலையில் மொறுமொறுவென்று ரஸ்க். லேசாக மசாலா வாசனை இருக்கும். இதற்கு மட்டும் மகனிடமிருந்து புகார் இல்லை.

மீன் ஒரு முறை செய்தேன். கெம்போங் என்று இங்கே சொல்கிற கானாங்கெளுத்தி, வாழையிலையில் சுற்றி. ருசி அற்புதம், வாசனை மூன்று நாள். மேல்மாடிக்காரரைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அத்தோடு சரி.

வாழைப்பழக் கேக்குக்குப் பழம் தேக்காச் சந்தையில் வாங்குவேன். மாதத்துக்கு ஒருமுறை நியூட்டனில் ரயில் மாறிப் போவோம். அம்மா அந்த இடத்தை இன்னும் பழைய கண்டாங் கெர்பாவ் பெயரைச் சுருக்கி "கேகே மார்க்கெட்" என்றுதான் சொல்வார். 1982-ல் சூஜியாவ் என்ற பெயரில் திறந்த கட்டடம் அது, 2000-ல்தான் தேக்கா நிலையம் ஆனது. அம்மாவுக்கு இரண்டு பெயரும் ஒட்டவில்லை. கடையைக் கட்டும் நேரத்துக்குப் போனால், தோல் கறுத்த பழத்தை ஒரு பை இரண்டு வெள்ளிக்குத் தள்ளிவிடுவார்கள். அழகான மஞ்சள் பழத்தில் கேக் செய்து காசை வீணாக்காதீர்கள். கறுத்த பழத்தில் இனிப்பு அதிகம், சீனியை மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிடலாம். உரித்து, மசித்து, ஒரு கேக்குக்கு வேண்டிய அளவில் பைகளில் கட்டி உறைபெட்டியில் போட்டால் மாதம் முழுக்க வரும்.

ஈஸ்ட், கோகோ, பேக்கிங் பவுடர் வாங்க ஃபூன் ஹுவாட். 1947-லிருந்து இருக்கும் நிறுவனம், ரெட்மேன் முத்திரையில் சின்னச் சின்ன அளவிலும் விற்கிறார்கள், அது குடும்பத்துக்கு வசதி. ஆனால் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். நான் ஒருநாள் ஈஸ்ட் வாங்கப் போய், வண்ண மிட்டாய்த் தூவலும் பூ வடிவ அச்சும் தங்க நிற டப்பாவுமாக 31 வெள்ளிக்கு வெளியே வந்தேன். ஈஸ்ட் வாங்க மறந்திருந்தேன். எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூருக்குப் போனால் மாவு மலிவுதானே என்று கேட்பீர்கள். உட்லண்ட்ஸில் இருந்துகொண்டு எனக்கு அது தோன்றாமலா இருக்கும்? போனோம். கடற்பாலத்து வரிசையில் நின்று, பசியெடுத்து, அங்கேயே ஐந்து பேரும் சாப்பிட்டுவிட்டு வந்தோம். நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

பிறந்தநாள் கேக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கிலோ கேக் கடையில் 48 வெள்ளி கேட்டார்கள். வீட்டில் பொருளுக்கு 14 ஆனது. அலங்காரம் கொஞ்சம் கோணல். வருடத்துக்கு ஐந்து பிறந்தநாள், நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

தீபாவளிக்கு அம்மா தானாகவே வந்து ஓவன் முன்னால் நாற்காலி போட்டுக்கொண்டார். அதுவரை அவருக்கு அதன்மேல் பெரிய மரியாதை இல்லை. அம்மா வளர்ந்தது செம்பாவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில், 1971-ல் பிரிட்டிஷ்காரர்கள் வெளியேறுவதற்கு முந்தைய நாட்களில். பக்கத்து வீட்டு மலாய்ப் பாட்டி பித்தளை அச்சில் பாஹுலு என்ற சின்ன முட்டைக் கேக் சுடுவாராம்; அடியில் கரி, மூடிமேலும் கரி. அச்சு நிரம்பியதும் முதல் பாஹுலு பிள்ளைகளுக்கு. ஓவனின் கண்ணாடி வழியாக மேலும் கீழும் சிவந்த கம்பிகளைப் பார்த்துவிட்டு, "மேல நெருப்பு, கீழ நெருப்பு. அதே சட்டிதான்" என்றார். அன்றோடு சமாதானம்.

நெய் பிஸ்கட் செய்தோம், இங்கே பலர் சுஜி பிஸ்கட் என்று சொல்வது. 300 கிராம் மாவு, 150 கிராம் ஐசிங் சீனி, 180 கிராம் நெய், ஒரு சிட்டிகை உப்பு, ஒரு சிட்டிகை சோடா. மாவை முதலில் வெறும் சட்டியில் பச்சை வாசனை போக வறுத்து ஆறவிட வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். நெய்யில் சிக்கனம் பிடிக்க நினைத்து மலிவான ஒன்றை எடுத்தேன். அம்மா டப்பாவைத் திறந்து முகர்ந்துவிட்டு மூடினார். "போய் கியூபிபி டின் வாங்கிட்டு வா." போய் வாங்கினேன். சிக்கனத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்று அந்த டின் விலையைப் பார்த்தபோது என்னையே தேற்றிக்கொண்டேன். அப்படியும் கடையில் ஒரு போத்தல் விற்கும் விலையில் பாதிதான் ஆனது. உண்மையான 150-ல் இருபது நிமிடம். நிறம் மாறக் கூடாது, வெள்ளையாகவே வெந்திருக்க வேண்டும். நகப்பூச்சுக்காரி 150-க்கு நான்காவது புள்ளி வைத்தாள். நன்றாக ஆறிய பிறகே டப்பாவில் போடுங்கள், வெதுவெதுப்பாக மூடினால் இந்த ஈரக்காற்றில் மறுநாளே நமத்துவிடும். மைலோ டின்கள் இதற்கென்றே பிறந்தவை.

குறைகள். கதவு மேல் வலது மூலையில் சரியாகப் பொருந்தவில்லை, அந்தப் பக்கம் இருக்கும் பன் எப்போதும் வெளுத்துப்போகும். நடுவில் தட்டைத் திருப்பி வைக்கிறேன். இரண்டாவது மாதத்தில் உள்விளக்கு அணைந்தது. உத்தரவாதம் இருக்கிறதே என்று பழுதுபார்ப்பு நிலையத்தைக் கூப்பிட்டேன். 14 கிலோ எடையுள்ள ஓவனைத் தீவின் மறுகோடிக்கு நானே கொண்டுவர வேண்டுமாம், மூன்று வாரம் ஆகுமாம். டாக்சி காசுக்குப் புது விளக்கே நான்கு வாங்கலாம். கைவிளக்கு அடித்துப் பார்த்துக்கொள்கிறோம். மேல்பரப்பு கொதிக்கிறது, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, சின்னப் பிள்ளைகள் இருந்தால் கவனமாக இருங்கள். ஓவனையும் மின்கேத்தலையும் ஒரே நீட்டிப்பு வயரில் சொருகாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் 13 ஆம்பியரைத் தாண்டிவிடும், வயர் உருகும். இதை வேலையிடத்தில் கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன். வாங்கும்போது பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சமையலறையில் வெக்கை ஏறத்தான் செய்யும். நான் மாலையில், துணி காயப்போடும் பக்கத்துச் சன்னலைத் திறந்துவைத்து ஏற்றுகிறேன்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் கூட்டிப் பார்த்தேன். ஓவன், வெப்பமானி, இரண்டு தட்டு, மூன்று அச்சு, அந்த 31 வெள்ளி அசட்டுத்தனம் எல்லாம் கழித்து, ஏழாவது மாதத்தில் போட்ட காசு திரும்பிவிட்டது. அதில் பாதிக்குமேல் பன்னிலிருந்து மட்டும் வந்தது. வெறும் ரொட்டியை நம்பியிருந்தால் இன்னும் கடனில்தான் இருந்திருப்பேன். மனைவியிடம் நீட்டினேன். நிதானமாகப் படித்துவிட்டு, "உங்க நேரத்துக்கு எவ்வளவு போட்டீங்க?" என்று கேட்டார். மணிக்கு எவ்வளவு போடுவது என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

நான்கு பேருக்கு மேல் உள்ள வீடு, பள்ளிப் பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் நிற்க ஒரு ஆள், இது மூன்றும் இருந்தால் வாங்கலாம். 35 லிட்டருக்குக் கீழே போகாதீர்கள், பன்னிரண்டு பன் ஒரே தட்டில் அடங்காது. தனியாக இருப்பவருக்கும் இருவர் வீட்டுக்கும் இவ்வளவு பெரிய பெட்டி தண்டம். பொங்கோலில் தனியாக இருக்கும் என் தம்பி கேட்டபோதும் இதையேதான் சொன்னேன்: உனக்கு ஏர் ஃபிரையர் போதும்டா என்று. எங்கள் வீட்டு பன்னைச் சாப்பிட்டுவிட்டு, நான் சொன்னதைக் கேட்காமல் 42 லிட்டர் வாங்கினான். போன வாரம் போயிருந்தேன். அதன்மேல் ரைஸ் குக்கர் உட்கார்ந்திருக்கிறது, உள்ளே சட்டி பானை அடுக்கியிருக்கிறான்.